பாரிஸிலிருந்து அக்காவுக்கு: ஒரு சிவப்பும் மூன்று பிறைகளும்

பாரிஸ்,
ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் காரைக்காலில் நலமாக இருக்க வேண்டும். போன முறை அனுப்பிய படஅட்டையைப் பார்த்துவிட்டு, "இதேபோல் ஒரு உடுப்பு தைக்க முடியுமா, எவ்வளவு துணி எடுக்கணும்" என்று கேட்டிருந்தாய். முடியும். அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். உன் தையல் கடையில் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு படி.

இந்த மாதத்தில் இங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மெட்ரோவில் ஏறினால் கண்ணில் படுவது கறுப்பு கோட்டு, சாம்பல் கோட்டு, கருநீலக் கோட்டுதான். அந்தத் தெருவிலிருந்து க்ளூனி அருங்காட்சியகத்துக்குள் போனால், மங்கலான வெளிச்சத்தில் ஆறு பெரிய சிவப்புச் சித்திர நெசவுத் துணிகள் தொங்குகின்றன. படஅட்டையில் நீ பார்த்தது இவைதான். வெளிச்சம் பட்டுச் சாயம் வெளுக்கக் கூடாது என்றுதான் விளக்கைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே கட்டணம் கிடையாது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த ஞாயிற்றைப் பார்த்து வரச்சொல்.

'சீமாட்டியும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்' என்று பெயர். 1500ஆம் ஆண்டு வாக்கில், கம்பளியிலும் பட்டிலும் நெய்தது. 1841இல் பூசாக் என்ற ஊரின் பழைய கோட்டையில் பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரோஸ்பெர் மெரிமே கண்டு வெளியே சொன்னார். 1882இல் க்ளூனிக்கு வந்தது. ஐந்து துணிகளில் பார்வை, கேள்வி, மணம், சுவை, தொடுகை என ஐம்புலன்கள். ஆறாவதில் அவள் ஒரு நீலக் கூடாரத்தின் முன் நிற்கிறாள், கையில் நகை, பக்கத்தில் திறந்த பெட்டி.

இதில் வரைந்ததோ அச்சடித்ததோ ஒன்றும் இல்லை, எல்லாமே நெசவு. காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கிறார்களே, அதை ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு விரலுக்கும் செய்ததாக நினைத்துக்கொள். ஊடை, அதாவது குறுக்கே ஓடும் இழை, அந்தந்த நிறம் முடிகிற இடம்வரை போய்த் திரும்பிவிடும். பாவு, அதாவது தறியில் நெடுக்கே கட்டிய இழை, கொஞ்சமும் வெளியே தெரியாது. தறியில் சித்திரத்தைப் பக்கவாட்டில் படுக்கவைத்து நெய்வார்கள். அதனால் தொங்கவிடும்போது பாவு கிடையாக வந்து, துணி முழுக்கக் குறுக்கே மெல்லிய வரிகள் ஓடும். துணி எடுக்கும்போது இந்தக் குறுக்கு வரியை மறந்துவிடாதே.

முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்தக் குதிரையைத் துணியில் போடவே வேண்டாம். குதிரைப் படம் அச்சடித்த பையும் குடையும் இங்கே எங்கும் கிடைக்கின்றன. ஒன்றும் அந்தத் துணிபோல் இல்லை. அந்தத் துணியின் அழகு அது அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது. பெரும்பகுதி சிவப்பு வெளி, கீழே ஒரு கரும்பச்சை-நீலத் தீவு, எங்கும் சிதறிய பூ, பிறகு அந்தக் குடும்பத்துக் கொடி. ல விஸ்த் என்ற அந்தக் குடும்பத்தின் கொடி சிவப்பு. அதன் குறுக்கே சாய்வாக ஒரு நீலப் பட்டை, பட்டையில் மூன்று பிறை. அந்தத் துணியின் வெளியையும் கொடியையும் சேர்த்துப் பார்த்தால் உடுப்பு தானாகக் கிடைக்கிறது: சிவப்பு மேல்சட்டை, சிவப்பு நீளப் பாவாடை, பாவாடையின் அடியில் அந்தத் தீவின் நிறத்தில் கரும்பட்டை, தோளிலிருந்து சாய்வாக ஒரு நீலப் பட்டை.

சிவப்பை எடுப்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இது குங்குமச் சிவப்பும் இல்லை, அரக்கும் இல்லை. கொஞ்சம் செங்கல் கலந்த, மினுமினுப்பில்லாத சிவப்பு. சிவப்புச் சாயம் தரும் நம் மஞ்சிட்டிச் செடிக்கு உறவான ஒரு செடியின் வேரில் தோய்த்தது. படஅட்டையின் அடிப்பக்கத்தை வைத்து நிறம் பார்க்காதே. அந்தக் கீழ்ப்பகுதிகளை 19ஆம் நூற்றாண்டில் புதிதாக நெய்து சேர்த்தார்கள், அங்கே சிவப்பு வெளிறிக் கிடக்கிறது. நடுப்பகுதியைப் பார். ஜவுளிக்கடை விளக்கின் கீழ் முடிவு செய்யாமல் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார். இலைகள் நீலமாக இருக்கின்றனவே என்று கேட்டிருந்தாய். பழைய காலத்தில் பச்சைக்கு நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றுவார்கள். மஞ்சள் முதலில் வெளுத்துவிடும், நீலம் தங்கும். எனவே பூக்காம்புக்குக் கிளிப்பச்சை நூல் எடுத்தால் கெட்டுவிடும். மயில்கழுத்தை மங்கலாக்கினாற்போல் ஒரு நிறம் தேடு.

சரியான சிவப்பு கிடைக்காவிட்டால் வெள்ளைப் பட்டு எடுத்து நீயே தோய்த்துக்கொள். உலர்ந்த துணியை நிறுத்துப் பார். 100 கிராம் துணிக்கு 15 கிராம் படிகாரம், 50 முதல் 100 கிராம் மஞ்சிட்டிப் பொடி. படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஆறி வெதுவெதுப்பானதும் துணியை இரவு முழுக்க ஊறவை. பொடியைத் துணியில் முடிந்து வேறு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அதில் துணியைப் போட்டு மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இரு. கொதிக்க விடாதே, கொதித்தால் சிவப்பு போய்ப் பழுப்பு ஏறும். இரும்புச் சட்டி வேண்டவே வேண்டாம், நிறம் கறுத்துவிடும். எவர்சில்வர் போதும். துணி முழுகி நீந்தும் அளவு தண்ணீர் இல்லையென்றால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

துணிக்கு ரா சில்க் சரி. அதில் தடித்த இழை ஊடையில் வருவதால் நேராக வெட்டினால் வரி குறுக்கே ஓடும், நான் மேலே சொன்ன நெசவு வரி போலவே இருக்கும். துணி மிச்சம் பிடிக்கக் குறுக்கே திருப்பி வெட்டினால் வரி செங்குத்தாகி எல்லாம் போய்விடும். சாட்டின் எடுக்காதே, பளபளப்பு இந்த உடுப்புக்கு எதிரி.

இங்கே துணிக்கடைகள் மோன்மார்த்ர் மேட்டின் அடியில், சாங் பியேர் பக்கம் இருக்கின்றன. மூன்று மூன்று மீட்டராக வெட்டி மடித்த துண்டுகளாகவே பல கடைகளில் விற்பார்கள். அகலம் பெரும்பாலும் 140 சென்டிமீட்டர். உன்னிடம் 44 அங்குலம்தான் வரும் என்பதால் கணக்கை அதற்கே போட்டிருக்கிறேன்.

பாவாடை ஆறு கலி, அதாவது மேலே குறுகிக் கீழே விரியும் ஆறு துண்டு. இடுப்பு 30, உயரம் 38 என்று வைத்துக்கொள். ஒவ்வொரு கலியும் தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம் சேர்த்து மேலே 6, கீழே 13, நீளம் 41. மூன்று கலி பக்கம் பக்கமாக 39 அங்குலம், இரண்டு வரிசை 82 அங்குலம். இரண்டேகால் மீட்டர் எடு. தலைகீழாக மாற்றி மாற்றி வைத்தால் மிச்சமாகும் என்று தோன்றும். ஆகாது, அப்போதும் இரண்டு வரிசை வேண்டும். எல்லாத் தலையும் மேலே பார்க்க ஒரே திசையில் வெட்டு, நிறம் ஒன்றுபோல் விழும். ஓரத்தில் மிஞ்சும் 5 அங்குலத் துண்டில் இடுப்புப் பட்டி வந்துவிடும். இந்த அளவில் இடுப்பிலிருந்து 8 அங்குலம் கீழே சுற்று 38¾தான். சீட், அதாவது பின்புறச் சுற்றளவு, 36 வரை சரி. அதற்கு மேல் என்றால் அந்த இடத்தில் கலிக்கு இரு பக்கமும் கால் கால் அங்குலம் வெளியே வளைத்து வெட்டு, 3 அங்குலம் கூடும். மேல்சட்டை முழுக்கை, படகுக் கழுத்து, 1¾ மீட்டர். ஆகச் சிவப்பு மொத்தம் 4 மீட்டர். லைனிங் மல் துணி 2 மீட்டர். சட்டையைப் பாவாடைக்குள் விட்டுத்தான் உடுக்க வேண்டும், அப்போதுதான் சிவப்பு ஒரே வெளியாகத் தெரியும்.

அடியில் வரும் கரும்பட்டைக்கு 60 சென்டிமீட்டர் போதும். நேர்ப் பட்டையாக வெட்டித் தைக்காதே. விரிந்த பாவாடையில் நேர்ப் பட்டை மேல் விளிம்பில் சுருக்கம் விழுந்து நிற்கும். கலியின் அடிப்பகுதியையே மாதிரியாக வைத்து, 10 அங்குல உயரத்தில் ஆறு துண்டு வெட்டு. மேல் விளிம்பை மடித்துச் சிவப்புக் கலியின் மேல் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கலிகளை இணை. இணைக்கும் இடத்தில் பட்டையின் உயரம் ஒரு நூல்கூட ஏறி இறங்கக் கூடாது.

பூ வேலை ஆரியில், அதாவது சட்டத்தில் கொக்கி ஊசியால் போடும் தையலில். ஆனால் வெட்டுமுன். சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது ரா சில்க் ஓரத்தில் இளகும், வெட்டிய கலியில் போட்டால் வடிவம் கோணும். துணியில் கலிகளைக் குறித்து, பூ போட்டு, இஸ்திரி போட்டு, மறுபடி அளந்து வெட்டு. அந்தத் துணியில் சிவப்பு வெளியில் இருப்பவை பறித்த கிளைகள், தீவில் இருப்பவை வேரூன்றி நிற்கும் செடிகள். அப்படியே செய். சிவப்பில் 3 அங்குலக் கிளைகள், கலிக்கு ஆறு, ஒவ்வொன்றும் வேறு பக்கம் சாய்ந்து. கரும்பட்டையில் நிமிர்ந்த சிறு செடிகள். வரிசை பிடித்தால் சேலைப் புட்டா போலாகிவிடும். தையல் கோட்டை ஒட்டி ஓர் அங்குலம் விட்டுவிடு. இணைத்த பிறகு ஒவ்வொரு தையலின் மேலும் இரண்டு கிளையைக் கையால் போடு. இல்லையென்றால் ஆறு வெற்றுக் கோடுகள் தெரியும். நூல் பருத்தி ஆறிழையில் இரண்டு இழை. சந்தன வெள்ளை, வெளிர் ரோஜா, மங்கல் மஞ்சள். கல்லும் சமிக்கியும் வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் முன்னாலேயே சொல்லிவிடு. கழுத்திலும் கை ஓரத்திலும் அரை அங்குலச் சரிகை மட்டும். ஒரே ஒரு முயல், பட்டையின் முன்பக்க ஓரத்தில். அந்தத் துணியில் முயல்கள் நிறைய இருக்கின்றன, உடுப்புக்கு ஒன்று போதும்.

நீலப் பட்டை மடித்துத் தைத்து முடிந்த அகலம் 7 அங்குலம். துப்பட்டா மாதிரி மடிப்பு விட்டால் பிறை மறைந்துவிடும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு துண்டாக வெட்டித் தோளில் சாய்வாக மூட்டினால் ஒரு மீட்டர் துணி போதும், தோளிலும் படிந்து உட்காரும். மூலைவாக்கில் வெட்டாதே, மாலைக்குள் நீண்டு தொங்கும். இந்தப் பட்டை வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு வர வேண்டும். நமக்கு முந்தானைப் பழக்கத்தில் கை தானாக இடது தோளுக்குப் போகும், ஆனால் கொடியில் சாய்வு பார்ப்பவரின் இடப்பக்க மேல்மூலையிலிருந்துதான் இறங்குகிறது. ஜிப்பை இடது பக்கத் தையலில் வை, பட்டை அதை மறைக்கும். முனையில் இரண்டு டிச் பட்டன்.

பிறை மூன்றும் 4 அங்குலம். தோளிலிருந்து 6, 13, 20 அங்குலத்தில் அவற்றின் நடு. வெள்ளி டிஷ்யூ வேண்டாம், அந்தத் துணியில் அவை வெள்ளையாகத்தான் நெய்யப்பட்டிருக்கின்றன. சந்தன வெள்ளைப் பட்டின் பின்னால் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து வெட்டு. இல்லாவிட்டால் பிறையின் நுனிகள் இரண்டு நாளில் பிரியும். தைக்குமுன் நீலத்தையும் சிவப்பையும் ஈரமாக்கி ஒரு வெள்ளைத் துண்டின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பார். சாயம் இறங்கினால் அந்தப் பிறை தாங்காது. முடிந்த உடுப்பை வீட்டில் துவைக்கக் கூடாது, டிரை வாஷ்தான்.

இங்கே உடுப்பதென்றால் உயரத்தை 38லிருந்து 36 ஆக்குவேன். மழை ஈரம் தெருவில் காய்வதே இல்லை, அடிப்பட்டை நீரை உறிஞ்சி மேலேறும். உள்ளே கம்பளிக் காலுறையும் மெல்லிய பனியனும் போட மேல்சட்டையில் மார்புச் சுற்றுக்கு 2 அங்குலம் கூடுதலாக விடவேண்டும். உனக்கு அந்தக் கவலை இல்லை.

இதோடு ஒரு சிவப்புத் துண்டு தைத்து வைத்திருக்கிறேன். பகலில், வாசல் வெளிச்சத்தில், நீ எடுக்கும் துணியை அதன்மேல் வைத்துப் பார். உடுப்பு யாருக்கோ, அவளுடைய சீட் அளவையும் வலது தோளிலிருந்து இடது இடுப்புவரை முன்னும் பின்னும் எவ்வளவு என்றும் எழுது. பிறைக்கு வடிவம் வெட்டி அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் தங்கை