மௌத்பீஸ் மாற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முன்பல்லுக்கு உறை போட்ட கையோடு ட்ரம்பெட்டை எடுத்து ஊதிப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஓய்வு பெற்ற பிறகாவது உனக்குப் பொறுமை வரும் என்று நினைத்தேன், வராது போலிருக்கிறது. இருந்தாலும் இத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்த வாத்தியத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறாய், அதில் எனக்குப் பெரிய சந்தோஷம். நானும் நலம். தோள்பட்டை வலி குறைந்திருக்கிறது. எங்கள் குழுவில் முதல் ட்ரம்பெட்டை ஒரு இளைஞனிடம் விட்டுவிட்டு மூன்றாவதுக்கு நகர்ந்துவிட்டேன். யாரும் சொல்லி அல்ல, நானாகத்தான். கீழே நின்று மற்றவர்களைத் தாங்கிப் பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, இந்த வயதில்தான் தெரிகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ட்ரம்பெட்டில் உதடு வைத்து ஊதும் அந்தப் பழைய மௌத்பீஸ் உதட்டில் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது, மேல்ஸ்தாயி எட்டவில்லை, உன் குழுவில் இருக்கும் பையன் தான் வைத்திருக்கும் ஆழம் குறைந்த மௌத்பீஸையே உன்னையும் வாங்கச் சொல்கிறான். வாங்கலாமா என்கிறாய். இப்போதைக்கு எதையும் வாங்காதே. பிறகு வாங்கினாலும் அவன் வைத்திருப்பதை வாங்காதே.

முதலில் பல். மௌத்பீஸின் விளிம்பு வளையமான ரிம் உதட்டின் மேல் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது உதட்டைத் தாண்டிப் பல்லின் மேல்தான் சாய்ந்து நிற்கிறது. ஒரு முன்பல்லின் கனமோ சாய்வோ துளி மாறினாலும் ரிம் நிற்கும் கோணம் மாறும், உதட்டில் அது அழுத்தும் இடம் மாறும். உனக்கு நடந்திருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. உறையின் ஓரம் உதட்டின் உள்பக்கத்தைக் குத்துகிறதா என்று நாக்கால் தடவிப் பார். குத்தினால் மௌத்பீஸைக் கையோடு எடுத்துக்கொண்டு பல் மருத்துவரிடம் போ, அவர் முன்னால் உதட்டில் வைத்துக் காட்டு. ஓரத்தைக் கொஞ்சம் இழைத்து வழவழப்பாக்குவது அவருக்குச் சின்ன வேலை. பித்தளை வாத்தியம் வாசிக்கிறவர்கள் பல் நன்றாக இருக்கும்போதே பல்வரிசைக்கு ஒரு அச்சு எடுத்து வைத்துக்கொள்வது உண்டு, பின்னால் எது உடைந்தாலும் பழைய வடிவத்துக்கே கட்டிக்கொள்ளலாம். உன் மிச்சப் பற்களுக்காவது இப்போது எடுத்து வை.

அப்புறம், உன் உதட்டுத் தசை. வருஷக்கணக்கில் சும்மா இருந்தது அது. மேல்ஸ்தாயி வராததற்குப் பாதிக் காரணம் அங்கே இருக்கிறது. மேல் சுரத்தைத் தருவது மூச்சின் வேகமும், உதட்டு இடைவெளி எவ்வளவு சிறுத்து நிற்கிறது என்பதும், வாய்க்குள் நாக்கு எழும்பும் விதமும்தான். மௌத்பீஸ் இதற்கெல்லாம் கொஞ்சம் ஒத்தாசை செய்யும், அவ்வளவே. உன்னிடம் இல்லாத சுரத்தை எந்த மௌத்பீஸும் கொண்டுவந்து தராது. தினமும் கொஞ்ச நேரம் மெல்லிய நீள் சுரங்கள் வாசித்து, தசை திரும்பி வந்த பிறகு, பழையதே போதும் என்று நீயே சொல்லக்கூடும்.

அதற்குப் பிறகும் சரியில்லை என்றால் ரிம்மிலிருந்து ஆரம்பி. மௌத்பீஸில் உன் முகத்தைத் தொடும் பாகம் அது ஒன்றுதான். எல்லோரும் உள்விட்டத்தையே பேசுவார்கள். உன்னிடம் இருக்கும் பாக் கம்பெனியின் 7சி மௌத்பீஸின் உள்விட்டம் 16.20 மில்லிமீட்டர். 5சி 16.25, 3சி 16.30. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு சாதாரணத் தாளின் கனத்தில் பாதி. ஆனால் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் வேறு வேறு மௌத்பீஸ்களாகத் தெரியும். காரணம் விட்டம் அல்ல, ரிம்மின் வடிவம். 7சி-யின் உள்விளிம்பு கூர்மையானது. சுரம் பிடிக்கும்போது பளிச்சென்று பிடிக்கும், ஆனால் அழுத்தி வாசிக்கிறவனை உதட்டில் வெட்டும். 3சி-யின் விளிம்பு அவ்வளவு கூர்மையில்லை. அகலமான ரிம் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும், நெடுநேரம் தாங்கும். ஆனால் உதட்டைக் கொஞ்சம் கட்டிப்போடுவதால் சுரம் விட்டுச் சுரம் தாவுவது மந்தமாகும். குறுகிய ரிம் இதற்கு நேர் எதிர்.

நீ அந்தக் காலத்திலேயே அழுத்துகிற ஆள். இப்போது தசை வேறு தளர்ந்திருக்கிறது, இன்னும் அழுத்துவாய். ட்ரம்பெட் மேதை லூயி ஆர்ம்ஸ்ட்ராங் உதட்டோடு பட்ட பாடு உனக்குத் தெரியும். வாயைச் சுற்றிய வளையத் தசை கிழிவதற்கு அவருடைய செல்லப் பெயரை வைத்து ‘சாட்ச்மோ சிண்ட்ரோம்’ என்றே பெயர் சொல்கிறார்கள். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. உனக்குக் கூர்மை குறைந்த, உச்சி சற்று உருண்ட ரிம்தான் நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

தடித்த உதட்டுக்காரனுக்குப் பெரிய ரிம், மெல்லிய உதட்டுக்காரனுக்குச் சின்ன ரிம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. தடித்த உதட்டோடு சின்ன மௌத்பீஸில் தேன் மாதிரி வாசிக்கிறவர்களும் உண்டு, மெல்லிய உதட்டோடு 1½சி மாதிரிப் பெரியதில் வாசிக்கிறவர்களும் உண்டு. ரிம்முக்குள் எவ்வளவு உதடு போகிறது, அதில் எவ்வளவு அதிர்கிறது என்பது முகத்துக்கு முகம் வேறு. கண்ணாடியில் பார்த்தெல்லாம் முடிவு செய்ய முடியாது, ஊதித்தான் பார்க்க வேண்டும்.

இனி கப், அதாவது ரிம்முக்கு உள்ளே இருக்கும் கிண்ணம். உன் குழுப் பையன் சொல்வது இதைப் பற்றித்தான். ஆழம் குறைந்த கப்பில் ஒலி கூர்மையாக, வெளிச்சமாக வரும், கூட்டத்தின் மேலே ஏறிக் கேட்கும், மேலே வாசிக்கச் சிரமமும் சற்றுக் குறையும். அவன் ஒரு நடனக் குழுவிலும் முதல் ட்ரம்பெட். இரவு முழுக்க மேலேயே நின்று வாசிக்கிறவன். அவனுக்கு அது சரி. அதை உனக்கும் சரி என்பது அடுத்தவன் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது போல. நீ வாசிக்கப் போவது நண்பர்கள் சேர்ந்த பித்தளைக் குழுவில், மெதுவான, கனமான இசைத் துண்டுகள். அங்கே ஆழமில்லாத கப் தனியாகக் கீச்சிடும். பக்கத்தில் இருப்பவரோடு ஒலி கலக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. வாசிக்க வாசிக்க உதடு வீங்கும், கப்புக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கும். கப் ஆழமில்லை என்றால் வீங்கிய உதடு அடியைத் தொட்டுவிடும், ஒலி சட்டென்று நின்றுபோகும். முதல் பத்து நிமிஷத்தில் இது தெரியவே தெரியாது. ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். கடையில் நின்று ஊதும்போது மேல் சுரம் சுலபமாக வந்துவிடும், காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒரு மணி நேர ஒத்திகையின் கடைசியில்தான் அது தன் குணத்தைக் காட்டும். சுருதியையும் கவனி. கப் அளவுக்கு மீறி ஆழம் குறைந்தால் மேல்ஸ்தாயி ஏறிக் கேட்கும், அளவுக்கு மீறி ஆழமானால் இறங்கிக் கேட்கும். சுருதி சேர்க்கும் குழாயான ட்யூனிங் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்காதே. ஸ்லைடு மொத்தத்தையும் நகர்த்தும், ஸ்தாயிக்கும் ஸ்தாயிக்கும் இடையே உள்ள கோணலை நிமிர்த்தாது. மௌத்பீஸின் கப் வாயை உள்ளங்கையால் தட்டினால் ‘பொப்’ என்று ஒரு சுரம் வருமே, இரண்டு மௌத்பீஸ்களைத் தட்டி ஒப்பிட்டுப் பார். சாதாரணமாக ஆழமானது தாழ்ந்து கேட்கும். வாத்தியத்தில் போட்டு ஊதும் முன்பே கொஞ்சம் தெரிந்துவிடும்.

கப்பின் அடியில் இருக்கும் துளையான த்ரோட், அதற்கு அப்பால் விரியும் உள்குழலான பேக்போர் இரண்டையும் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பாக் வழக்கமாகத் த்ரோட்டுக்கு 27 ஆம் எண் துளை போடுகிறார்கள், ஏறக்குறைய 3.66 மில்லிமீட்டர். பெரிதாக்கினால் தாராளமாக ஊதலாம், ஆனால் மூச்சை விழுங்கும். யாராவது துளையைப் பெரிதாக்கித் தருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. போட்ட துளையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது.

எண்களைப் பார்த்துக் குழம்பாதே. வின்சென்ட் பாக் ஆஸ்திரியாவில் பிறந்தவர், தானே ட்ரம்பெட் வாசித்தவர். 1918-இல் நியூயார்க்கில் மௌத்பீஸ் கடைய ஆரம்பித்தார். அவர் முறையில் எண் குறைந்தால் விட்டம் பெரிது, எழுத்து ஏ-யிலிருந்து தள்ளிப் போகப் போக ஆழம் குறைவு. யமஹா, ஷில்கி கம்பெனிகளின் முறை தலைகீழ்: எண் கூடினால் விட்டம் கூடும், ஏ-தான் ஆழம் குறைந்தது. இதைத் தெரியாமல் ஒன்றை நினைத்து வேறொன்றை வாங்கி வந்தவர்கள் நிறைய. விட்டத்தை ரிம்முக்குள் எந்த இடத்தில் அளப்பது என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதனால் ஒருவருடைய 3சி இன்னொருவருடைய 3சி ஆகாது.

இதையெல்லாம்விட முதலில் நீ பார்க்க வேண்டிய ஒன்று, காசு செலவில்லாதது. மௌத்பீஸை நல்ல பிரஷ்ஷால் கழுவு. இத்தனை வருஷ அழுக்கு த்ரோட்டில் படிந்திருந்தால் அதுவே வேறு மௌத்பீஸாகிவிடும். அப்புறம் மௌத்பீஸின் வால் பகுதியான ஷாங்க்கில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஒரு சுற்றுச் சுற்றி வாத்தியத்தில் பொருத்தி ஊதிப் பார். காகிதத்தால், ஷாங்க் நுழையும் வாயான ரிசீவருக்குள் இறங்கும் ஆழம் கொஞ்சம் குறையும், உள்ளே லீட்பைப் என்ற முதல் குழாய்க்கு முன்னால் இருக்கும் இடைவெளி மாறும். அதிலேயே சுரங்கள் இன்னும் உறுதியாகப் பிடிபட்டால், குறை மௌத்பீஸில் இல்லை, அது பொருந்தும் இடத்தில் இருக்கிறது. உன் வாத்தியத்தின் ரிசீவர் பழசு, தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. சோதித்த பிறகு காகிதத்தை மறக்காமல் எடுத்துவிடு, இறுகிக்கொண்டால் குறடு போட்டு இழுக்காதே, அதற்கென்று புல்லர் என்ற கருவி இருக்கிறது.

கடைசியில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதே. ரிம் பிடித்திருந்தால் ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு கப்பை மாற்று. ரிம்மையும் கப்பையும் தனித்தனியாகத் திருகிப் போடும் வகையும் கிடைக்கிறது. உன் சொந்த ட்ரம்பெட்டிலேயே, நீ தினம் வாசிக்கும் துண்டையே வாசி. மேல் சுரத்தில் தொடங்காதே. நடு ஜி-யை எவ்வளவு மெல்லிசாகத் தொடங்க முடிகிறது என்று பார்: மூச்சு விட்டவுடன் சுரம் பேசுகிறதா, காற்று மட்டும் முன்னால் போய்விட்டு அப்புறம் வருகிறதா? எனக்கு இந்த ஒரு சோதனையே முக்கால்வாசி சொல்லிவிடும். பிறகு நாக்கால் வெட்டாமல் சுரங்களை இணைக்கும் ஸ்லர், பிறகு சத்தமாக, கடைசியில்தான் மேலே. யாரையாவது தூரத்தில் உட்கார வைத்து, எதை ஊதுகிறாய் என்று சொல்லாமல் கேட்கச் சொல். வாசிப்பவன் காதில் பெரிய மாற்றமாகக் கேட்பது பத்து அடி தள்ளி இருப்பவருக்குப் பல சமயம் தெரியவே தெரியாது. புது மோகம் அடங்க இரண்டு வாரமாவது கொடு. திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்கு.

தங்க முலாம் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். தங்கம் வழுக்கும், சிலருக்கு அது பிடிக்கும். வெள்ளி கொஞ்சம் பிடிமானமாக இருக்கும். ஒலி மாறுகிறது என்று சத்தியம் செய்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் மட்டும் அதை உதட்டில் வைக்காதே.

உன் பேரனும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். அவனுக்கு வாத்தியத்தோடு வரும் 7சி-யோ 5சி-யோ போதும். அவன் முகமும் பல்லும் இன்னும் வளரும். உன்னுடையதை அவனிடம் கொடுத்துவிட்டு நீ புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதே, உன்னை எனக்குத் தெரியும்.

என்னிடம் ஒரு 5சி சும்மா கிடக்கிறது, ரிம் நல்ல நிலையில் இருக்கிறது. பல் மருத்துவர் என்ன சொன்னார், காகிதம் சுற்றியதில் என்ன தெரிந்தது என்று எழுது. அதற்குப் பிறகும் பழையது ஒத்துவரவில்லை என்றால் இதை அனுப்பி வைக்கிறேன், வாங்குவதற்கு முன் கொஞ்ச நாள் இதில் வாசித்துப் பார். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்