பார்சலில் கருவாடு இல்லை

எய்யா செல்வம்,

பார்சல் சனிக்கிழமைக்குள் வந்துவிடும். கருவாடும் மோர் மிளகாயும் வைக்கவில்லை. போன் போட்டுச் சண்டை பிடிக்காதே. செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டர் இருக்கிறது. உங்கள் இரண்டு பேருக்கும் மாசம் முழுக்க அது போதும்.

கம்பெனி செக்கப் ரிப்போர்ட்டை வருஷாவருஷம் போட்டோ எடுத்து அனுப்புவாய். இந்த வருஷம் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும், நான் ஒன்றும் கேட்கவில்லை.

உப்பைக் குறை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூன். நம் பக்கத்துச் சமையலில் குழம்பு, ரசம், பொரியலோடு அது தீர்ந்துபோகும். ஊறுகாயும் அப்பளமும் அதற்கு மேலே. அப்பளத்தில் போடுகிற அப்பளக்காரமும் சோடியம்தான். நாக்குக்குக் கரிக்காது, பிரஷர் கணக்கில் சேரும். கருவாடு தின்றே ஆக வேண்டுமென்றால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தடவை அலசிக்கொள். குழம்புக்குத் தனி உப்பு வேண்டாம். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதை நீயாக வாங்காதே. அதில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கும் ஆகாது. நீ மாத்திரை போடுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

பிரஷர் வலிக்காது, அதுதான் கஷ்டம். வருஷக்கணக்காக ரத்தக்குழாயைக் கெடுத்துவிட்டு, ஒருநாள் மூளையில் அடைப்பாகவோ கசிவாகவோ காட்டும். பெரியப்பாவைப் பார்த்தாய்தானே.

‘நான் குண்டா இல்லையே’ என்பாய். வயிற்றைத் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அள. நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே கவனிக்க வேண்டும். வெள்ளைச் சோற்றைக் குவித்துக் காயைத் தொட்டுக்கொள்வதால்தான் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறி நல்ல கொழுப்பு இறங்குகிறது. தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ மீனோ. சாளை கிடைத்தால் விடாதே, குழம்பாக வை, பொரிக்காதே.

ராத்திரி பரோட்டாவைப் பற்றி மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். 2022-லேயே எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பை, அந்த நெஞ்சுக்கு ஆகாத கொழுப்பை, 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியாச்சு என்று வாதாடுவாய். சின்னதிலிருந்தே உன்னிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஆனால் கடையில் ஊற்றுவது பெரும்பாலும் பாமாயில். அதில் ஏறக்குறைய பாதி, கெட்ட கொழுப்பை ஏற்றுகிற வகை. சால்னா உப்பு வேறு. உப்பைக் குறை எய்யா.

கருவாடு வைக்கிற இடத்தில் பிரஷர் மிஷின் வைத்திருக்கிறேன். காப்பி குடித்து அரை மணி கழித்து, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார். கையில் சுற்றுகிற பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், கால் மேல் கால் போடாதே. காலையில் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, ஒரு வாரத்துக்கு. முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போடு. 135/85-ஐத் தொட்டால் டாக்டரைப் பார். தொட்டாலும் தொடாவிட்டாலும் எண்ணை எனக்கு அனுப்பு.

மக்ரூன் அரைக் கிலோ இருக்கிறது, அது பிள்ளைகளுக்கு.

அம்மா