வானவில்லை விட்டுவிட்டு வெள்ளத்தை மட்டும் பிரசங்கிக்கிற போதகர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கு,

ஸ்தோத்திரம். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் போதும், எங்காவது புயல் கரையேறும், ஏதாவது ஊருக்குள் தண்ணீர் புகும். அடுத்த ஞாயிறே ஏதோ ஒரு பிரசங்க மேடையில் "இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு" என்று ஒரு குரல் எழும்பும். இந்த வருஷம் அந்தக் குரல் கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். உங்களில் எல்லாரும் அப்படிப் பேசுகிறவர்கள் அல்ல, தெரியும். பேசுகிறவர்களுக்குத்தான் இந்த மடல்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்த பிறகு நான் போயிருந்த ஓர் ஆராதனையில், நோவா காலத்து ஜலப்பிரளயத்தைச் சொல்லும் ஆதியாகமம் 6, 7 அதிகாரங்கள் வாசிக்கப்பட்டன. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு வந்தவர்கள். உடுப்பில் பிளீச்சிங் பவுடர் வாடை போகவில்லை. இன்னும் சிலர் நனைந்துபோன வேதாகமத்தை மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார்கள். பிரசங்கியார் ஏழாம் அதிகாரத்தின் கடைசி வசனம் வரை வந்தார், புத்தகத்தை மூடினார், நகரத்தின் பாவங்களை அடுக்க ஆரம்பித்தார். எட்டும் ஒன்பதும் அன்றைக்கு வாசிக்கப்படவே இல்லை.

அந்த இரண்டு அதிகாரங்களையும் விட்டுவிட்டால் ஜலப்பிரளயத்தின் கதையில் பாதிதான் மிஞ்சும், அதுவும் தவறான பாதி. பிரளயத்துக்கு 6:5 சொல்லும் காரணம் என்ன? மனுஷனுடைய இருதயத்து நினைவுகள் நித்தமும் பொல்லாதவை. சரி. இனி பூமியைச் சபிப்பதில்லை என்று 8:21இல் தேவன் முடிவெடுக்கும்போது அங்கே வருவதும் அதே இருதயம்தான். "மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் அவன் சிறுவயதுதொடங்கிப் பொல்லாததாயிருக்கிறது" என்று அங்கேயும் எழுதியிருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகும் மனுஷன் மாறவில்லை. அது தெரிந்தே தேவன் வாக்குக் கொடுக்கிறார். விதைப்பும் அறுப்பும், கோடைகாலமும் மாரிகாலமும் ஒழிவதில்லை என்ற வசனம் இதற்கு அடுத்தபடியே வருகிறது.

ஒன்பதாம் அதிகாரத்தில் தேவன், பூமியை இனி ஜலத்தால் அழிப்பதில்லை என்று உடன்படிக்கை செய்து, அதற்கு அடையாளமாக வானவில்லை மேகத்தில் வைக்கிறார். அதை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை. ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையில் விருத்தசேதனம் உண்டு. சீனாய் மலையில் இஸ்ரவேலரோடு செய்ததில் 'என் வாக்கை உள்ளபடி கேட்டால்' என்ற நிபந்தனை உண்டு. இங்கே மனுஷன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நோவா 'ஆமென்' கூடச் சொல்வதில்லை. பேழை கட்டியதிலிருந்து வானவில் வரைக்கும் அவர் வாய் திறந்ததாகவே எழுதப்படவில்லை. பேச்சு முழுவதும் தேவனுடையது. எதிரில் நோவா குடும்பத்தார் மட்டும் நிற்கவில்லை, பேழையிலிருந்து இறங்கிய பறவைகள், நாட்டுமிருகங்கள், காட்டுமிருகங்கள் எல்லாம் நிற்கின்றன. சபைக்கு வராதவர்களும் அந்த உடன்படிக்கைக்குள் இருக்கிறார்கள், நாய்களும் கொக்குகளும்கூட இருக்கின்றன. இதை மேடையில் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் வசனம் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொன்று. அந்த அடையாளம் யார் பார்ப்பதற்கு? "நித்திய உடன்படிக்கையை நான் நினைவுகூரும்படிக்கு அதை நோக்கிப்பார்ப்பேன்" என்று 9:16இல் தேவனே சொல்கிறார். நமக்கும் அது ஆறுதல்தான். ஆனாலும் வேதம் முதலில் சொல்வது, தேவன் தம்மைத் தாமே கட்டிக்கொண்டதற்கான அடையாளம் என்று. ஞாயிறு பள்ளிச் சுவரில் தெர்மகோல் பேழை, ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கி, மேலே ஏழு கலரில் வில். அதைக் காட்டி 'கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். கீழ்ப்படிவுக்குக் கொடுத்த பரிசாகவா அந்த வில் மேகத்தில் வைக்கப்பட்டது? புலம்பல் புத்தகத்தில், தேவன் பகைஞனைப்போலத் தமது வில்லை நாணேற்றினார் என்று எரேமியா அழுகிறார். அந்த வில்லுக்கு நாண் இருக்கிறது. மேகத்தில் இருக்கிற வில்லுக்கு நாணும் இல்லை, அம்பும் இல்லை.

நியாயத்தீர்ப்பைப் பேச நீங்கள் அதிகமாகத் திறப்பது வெளிப்படுத்தின விசேஷத்தைத்தான். அதில் நியாயத்தீர்ப்பைக் கொண்டுவரும் முத்திரைகள் ஆறாம் அதிகாரத்தில்தான் உடைக்கப்படத் தொடங்குகின்றன. எக்காளங்களும் கலசங்களும் அதற்கும் பிறகு. அதற்கெல்லாம் முன்னால், நாலாம் அதிகாரத்திலேயே, சிங்காசனத்தைச் சுற்றி மரகதம்போல ஒரு வானவில் இருக்கிறது. பாபிலோன் தேசத்துக் கேபார் நதியண்டையில் சிறைப்பட்டவர்களோடு இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட மகிமையும் மழைநாளின் வானவில்லைப் போலத்தான் இருந்தது. ஐரோப்பாவின் பழைய ஓவியர்கள் இதை மறக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் ஹான்ஸ் மெம்லிங் வரைந்த கடைசி நியாயத்தீர்ப்பு ஓவியம் போலந்தின் க்டான்ஸ்க் நகரில் இருக்கிறது. அதில் கிறிஸ்து நியாயம் தீர்க்க உட்கார்ந்திருப்பது ஒரு வானவில்லின் மேல்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்தவர்கள் காலையில் கடற்கரையில் இருந்தார்கள். நூற்றுக்கணக்கானோரைச் சுனாமி கொண்டுபோயிற்று. பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. ஆலயம் தப்பியதை அற்புதம் என்றார்கள், செத்தவர்களைப் பற்றி வேறு கணக்குப் போட்டார்கள். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துக் கோயில்கள் நிரம்பியிருந்தபோதுதான் பூமி அதிர்ந்தது. கேப்ரியல் மலக்ரிடா என்ற இயேசு சபைக் குரு, இதற்கு இயற்கைக் காரணம் தேடக்கூடாது, பாவத்துக்கு வந்த தண்டனை இது என்று அடுத்த வருஷமே சிறு நூல் எழுதினார். பூசைக்கு வந்து இடிபாட்டில் மாண்டவர்கள் எந்தப் பாவத்துக்குத் தண்டனை பெற்றார்கள்?

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது இதே கேள்விதான் இருந்தது. எருசலேமில் குடியிருந்த எல்லாரிலும் அவர்கள்தான் குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்றார் இயேசு. அதன் பிறகு மனந்திரும்பச் சொன்னார் என்பீர்கள். சொன்னார்தான், ஆனால் உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து.

பாவத்தைப் பேசவே வேண்டாம் என்கிறேனா? இல்லை. 2015 வெள்ளத்தைப் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கை அறிக்கை அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர், அடையாற்றங்கரை ஆக்கிரமிப்புகள், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் கொட்டிய குப்பை, எழும்பிய கட்டடங்கள், பேசுவதற்குப் பாவம் எவ்வளவோ கிடக்கிறது. அந்தப் பாவங்களைச் செய்தவர்களுக்குப் பெயரும் பட்டா எண்ணும் உண்டு. 'நகரத்தின் பாவம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அவர்கள் சுகமாகத் தப்பித்துக்கொள்கிறார்கள், குடிசையில் சேறு வாரினவள் தலை குனிகிறாள். கொக்கோடும் உடன்படிக்கை செய்தவர் சதுப்பு நிலத்தைத் தூர்த்ததைக் கணக்கில் வைக்கமாட்டாரா?

வானவில்லை வெள்ளக் காப்பீடு ஆக்கவும் நான் சொல்லவில்லை. நோவாவுக்குப் பிறகும் ஆறுகள் கரை உடைத்தன. ஒக்கி புயலில் 2017இல் குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் கரைக்குத் திரும்பவில்லை. அவர்களில் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுக் கடலுக்குப் போனவர்களும் உண்டு. தேவன் கொடுத்த வாக்கு பூமியை இனி ஜலத்தால் அழிப்பதில்லை என்பது. ஒவ்வொரு படகையும் பற்றி அங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை. அந்த வீடுகளில் போய் நிற்கும்போது நம்மிடம் விளக்கம் கிடையாது. ஆனால் செத்தவன்மேல் தேவன் அம்பு எய்தார் என்று மட்டும் சொல்லக்கூடாது. தமது வில்லை அவர் மேகத்தில் வைத்துவிட்டார் என்று வேதத்தின் முதல் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது.

பிள்ளைகள் கேட்பார்கள், நோவாவுக்கு முன்னால் மழையும் வெயிலும் சேர்ந்தபோது வானவில் வந்திருக்காதா என்று. வந்திருக்கும் என்றே 16ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் எழுதினார், ஏற்கெனவே இருந்த வில்லைத் தேவன் அன்றைக்கு அடையாளமாக்கினார் என்றார். பதினாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டைகளை வைத்து வானவில் எப்படி உண்டாகிறது என்று கண்டு சொன்ன பிரைபெர்க் தியோடோரிக் ஒரு தொமினிக்கன் துறவிதான். ஆகவே அறிவியல் வகுப்புக்குப் பயப்படாமல் பதில் சொல்லுங்கள்.

நான் கேட்பது சின்ன காரியம். அடுத்த பேரிடருக்குப் பின் வரும் முதல் ஞாயிறு ஆதியாகமம் 9:8 முதல் 17 வரை முழுவதும் வாசியுங்கள். பிரசங்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மீதி நேரத்தில் யார் வீட்டில் பாய் இல்லை, யார் பிள்ளைக்குப் புத்தகம் போயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காணிக்கைப் பையை அன்றைக்கு அவர்களிடம் நீட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிற ஒரு சபை விசுவாசி