அணை நீர்மட்டத்தோடு காற்றையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஷ்மீரில் இருந்து தனியாக சைக்கிள் மிதித்துக் கன்னியாகுமரி வந்து சேர்ந்தவர்களின் படம் உங்கள் நாளிதழில் அவ்வப்போது வருகிறது. கடற்கரையில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் 3,700 கிலோமீட்டருக்கு மேல் வந்த கதையும் சுருக்கமாகப் போட்டிருப்பீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கடைசிக் கட்டத்தில், பணகுடிக்கும் மகாதானபுரம் ரவுண்டானாவுக்கும் இடையில் அந்த ஆள் காற்றில் பட்ட பாடு எதிலும் இருக்காது. ஆனி, ஆடியில் வந்தவராக இருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்.

நான் முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சைக்கிளில் தனியாக நெடுந்தூரம் போகிற கிறுக்கு எனக்கும் உண்டு. வழக்கமான பாதை ராதாபுரம், திசையன்விளை, திருச்செந்தூர், தூத்துக்குடி. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, ராமநாதபுரம். பனையும் உடைமரமும் உப்பளமுமாகக் கிடக்கிற வெட்டவெளி. ஆடியில் கிளம்பினால் மேற்குக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். வரும்போது அதே காற்றை எதிர்த்து யார் மிதிப்பது? வண்டியை ரயில் பார்சலில் போட்டுவிடுவேன். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. ஐப்பசிக்கு மேல் வாடை வீச ஆரம்பித்தால் கணக்கு தலைகீழ். போகும்போது முக்க வேண்டும், வரும்போது சுகம்.

காற்றுக்கு எதிரே மிதிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதை அனுபவம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்றால், நெஞ்சில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெரும்பாலான காற்றாலைகள் காற்று நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால்தான் தாமாக நிற்கும். சைக்கிள்காரனுக்கு அதில் பாதி போதும், இறங்கி உருட்ட. ஏற்றத்துக்காவது ஒரு உச்சி உண்டு, அப்புறம் இறக்கம் வரும். சமவெளிக் காற்றில் அதுவும் கிடையாது. தென் அமெரிக்காவின் படகோனியா சமவெளியில் சைக்கிளில் போனவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் காற்றைத் திட்டுவதுதான்!

எதிர்காற்று ஆளைக் களைக்க வைக்கும், அவ்வளவுதான். ஆளைக் கொல்லக்கூடியது பக்கக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு நடுவே ஆரல்வாய்மொழி கணவாயில் நெருக்கி நுழைந்து, கிழக்கே வெட்டவெளியில் பாய்கிறது. நான்குவழிச் சாலையில் தெற்கே போகிறவருக்கு அது வலது பக்கத்தில் இருந்து அடிக்கும். விழாமல் இருக்க வண்டியை வலப்பக்கம் சாய்த்தே ஓட்ட வேண்டும். அந்த நேரம் ஒரு பஸ்ஸோ டாரஸ் லாரியோ வலப்பக்கம் முந்துகிறது என்று வையுங்கள். காற்று சட்டென்று மறைந்துவிடும். சாய்ந்திருந்த வண்டி லாரிப் பக்கமே போகும். லாரி கடந்ததும் மறுபடியும் ஒரு அறை, இந்தத் தடவை சாலைக்கு வெளியே. ஓட்டுநர்கள் இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் பாதி ஆபத்து குறையும். யார் தள்ளிப் போகிறார்கள்?

போன ஆடியில் காவல்கிணறு விலக்கில் டீ குடிக்க நின்றேன். கடைக்கார அம்மா, “அண்ணாச்சி, இந்தப் பையன் ரெண்டு தடவை கிளம்பிட்டுத் திரும்பி வந்துட்டான். என்னான்னு கேளுங்க” என்றார். வடநாட்டுப் பையன். முகமெல்லாம் புழுதி, கண் சிவந்திருந்தது. முன்சக்கரத்தின் இரு பக்கமும் பெரிய பைகள், பின்னால் கம்பியில் தேசியக் கொடி. கொடி வண்டிக்குக் குறுக்காக விறைத்து நின்றது. ஃபோனைக் காட்டி, “கடல் வரைக்கும் இறக்கம்தானே, ஏன் போக முடியவில்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஃபோனில் மேடு பள்ளம் தெரிகிறது, தூரம் தெரிகிறது. காற்றைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முன்பைகளைக் கழற்றிப் பின்கேரியரில் தாழ்வாகக் கட்ட வைத்தேன். கொடியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தோம். ராத்திரி இங்கேயே தங்கு, விடியுமுன்னே கிளம்பு என்றேன். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மேலே ஓடுகிற வேகக்காற்று கீழே கலந்து இறங்கும். அதிகாலையில் காற்றாலை மேலே சுற்றிக்கொண்டிருந்தாலும் தரையில் காற்று அடங்கியே இருக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் கன்னியாகுமரியில் இருந்து ஃபோன் வந்துவிட்டது.

அவனுக்கு நான் தற்செயலாகக் கிடைத்தேன். மற்றவர்களுக்கு? விஷயத்துக்கு வருகிறேன். 48 அடி பேச்சிப்பாறையில் எத்தனை அடி, 77 அடி பெருஞ்சாணியில் எத்தனை அடி, சிற்றாறு, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொய்கை அணை வரைக்கும் நீர்மட்டம் தினமும் போடுகிறீர்கள். மழை எங்கெங்கே எத்தனை மில்லிமீட்டர் என்றும் வருகிறது. காற்று மட்டும் வாழை சரிந்தால்தான் செய்தி. இந்தியாவிலேயே காற்றுக்குப் பேர்போன இடத்தில் பத்திரிகை நடத்துகிறோம் என்ற நினைப்பு உங்களுக்கு வேண்டாமா?

அளவு எங்கே கிடைக்கும் என்று கேட்க வேண்டியதில்லை. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்’ என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை தருகிற அதே வானிலை ஆய்வு மையம் தரைக்கும் காற்றின் திசை, வேகத்தைச் சொல்கிறது. காற்றாலைக்காரர்களிடம் வாங்கிப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒவ்வொரு காற்றாலையின் தலையிலும் அளக்கிற கருவி இருப்பது உண்மைதான். ஆனால் அது அத்தனை உயரத்துக் காற்று, சாலையில் போகிறவருக்கு அது அதிகப்படியாகக் காட்டும். வானிலை மையம் 10 மீட்டர் உயரத்துக்குச் சொல்கிற கணக்கே போதும்.

சைக்கிள்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தோவாளையில் இருந்து பூக்கூடையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போகிறவர், ஏத்தன் வாழைக்கு ஊன்றுகம்பு நடலாமா என்று யோசிக்கிறவர், எல்லாரும் பார்ப்பார்கள். வருஷம் முழுக்க முடியாவிட்டால் வைகாசி முதல் புரட்டாசி வரைக்குமாவது போடுங்கள். அணைப் பெட்டியில் இடம் இல்லை என்றால் பூ விலைக்குக் கீழே போட்டாலும் சரி. ‘ஆரல்வாய்மொழி: மேற்கு, காலை 15, மாலை 45’ என்கிற அளவுக்கு ஒரே ஒரு வரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆரல்வாய்மொழி.