நாற்காலி போட்டுக் கூப்பிட்ட அக்காவுக்கு

பாப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அம்மாவும் நலம். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கூப்பிட்டதும் வண்டியோடு வந்து நின்ற நண்பன், 11 நாளும் எங்களோடு கண்விழித்த மருத்துவர்கள், வார்டு செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள், வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி, எல்லோருக்கும் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் இந்த மடல் கர்ப்பிணிகளுக்கு வகுப்பெடுக்கும் செவிலியர் அக்காவுக்கு.

அக்கா, உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. அன்று மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு நான் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் வெளியே வந்து, "தம்பி, உங்களுக்கும் சேர்த்துதான் வகுப்பு" என்று சொல்லி, முன்வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள்.

கைக்குழந்தையோடு ஒரு அம்மா வந்திருந்தார். அவரிடம் கேட்டுக்கொண்டு, குழந்தையின் சட்டையை மேலே தூக்கி, என்னை மூச்சு எண்ணச் சொன்னீர்கள். "வயிறு ஏறி இறங்கினா ஒண்ணு. குழந்தை அழும்போது எண்ணாதீங்க. ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும், பாதி எண்ணி ரெண்டால பெருக்கக் கூடாது. பச்சைக் குழந்தைக்கு மூச்சு ஒரே சீரா வராது." இருபதைத் தாண்டியதும் எனக்குக் கணக்குத் தப்பியது. மறுபடி தப்பியது. மூன்றாவது முறை சரியாக வரும்வரை விடவில்லை நீங்கள். "60 வந்தா இன்னொரு தடவை எண்ணுங்க. அப்பவும் குறையலைன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க."

பிறந்த ஐந்தாம் நாள் இரவு பாப்பா பால் குடிக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மனைவி அசந்து கிடந்தாள். எனக்கு உங்கள் குரல் கேட்டது. சட்டையைத் தூக்கினேன். 68. கடிகாரத்தைப் பார்த்து மறுபடி எண்ணினேன். 71. விடியட்டும் என்று காத்திருக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அதற்கப்புறம் அடிக்கடி இதையே நினைக்கிறேன். பெற்றவள் வலியிலும் அசதியிலும் கிடக்கிறாள். உதிரப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி என்று அவளுக்கே ஆபத்து வரக்கூடிய நாட்கள் அவை. குழந்தைக்கான அறிகுறிகளையும் அவள் ஒருத்தியே காவல் காக்க வேண்டும் என்பது அநியாயம். வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நின்ற என்னை நீங்கள் விட்டிருந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தக் கணக்குத் தெரிந்திருக்காது, மனைவிக்குத் தவிர. அவளோ தூங்கிக்கொண்டிருந்தாள்.

எடை குறைந்த குழந்தையை மார்போடு அணைக்கும் கங்காரு முறை, 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் தொடங்கியது என்று வகுப்பில் சொன்னீர்கள். கதை போலக் கேட்டேன். வார்டில் பாப்பாவை என் வெறும் மார்பில் படுக்க வைத்தபோது, அவள் மூச்சு என் தோலில் பட்டுப் பட்டுப் போனது. அப்போதும் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

தன் குழந்தையை எனக்குப் பாடமாகத் தந்த அந்த அம்மாவின் பெயர்கூடத் தெரியாது. அவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள் அக்கா. மருத்துவர் வெளியே தூக்கிப்போகலாம் என்றதும் பாப்பாவோடு வகுப்புக்கு வருகிறேன். வாசலில் நிற்கிற தம்பிக்கு நானே நாற்காலி போடுகிறேன், அவர் இவள் சட்டையைத் தூக்கி எண்ணட்டும்.

நேற்று இரவு எண்ணினேன் அக்கா. 44.