மாண்டலேயிலிருந்து அம்மா

மாண்டலே
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உனக்கு முனீஸ்வரன் துணை இருக்கட்டும். பெரிய மாமா நாளைக் காலை பஸ்ஸில் ரங்கூன் கிளம்புகிறார். இட்லிப் பொடி, பூண்டு ஊறுகாய், நீ கேட்ட இரண்டு ஜாக்கெட், எல்லாம் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். கூடவே இந்தக் கடிதமும். ஃபோனிலேயே சொல்லலாமே என்பாய். பேச எடுத்தால் பாதியில் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன். போன தடவையும் அப்படித்தான் ஆனது. அதற்கப்புறம் மூன்று வாரமாக நீ கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உன்னைப் பாதுகாப்புக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று நீ சொன்ன மறுநாளே கோவிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நானூறு பேர் தைக்கிற இடத்தில், பூகம்பம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று என் பிள்ளை சொல்லித் தருகிறாள் என்றால் எனக்குப் பெருமை இருக்காதா? அப்பா இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். ஆனால் தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு கிடைக்காத அளவுக்கு அப்படி என்ன வேலை என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது. சரி, அதை விடு.

கமிட்டி என்றால் பேப்பரில் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்திவிடாதே. நீ அனுப்பிய போட்டோவைச் சின்ன மாமா பையனிடம் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் நாற்காலிக்குப் பின்னால் ஃபைல் வைக்கிற இரும்பு அலமாரி நிற்கிறது. உச்சியில் நூல் பெட்டி நான்கு. அலமாரியைச் சுவரோடு பிடித்திருக்கிற மாதிரி தெரியவில்லை. எல் போல வளைந்த இரும்புப் பட்டை கடையில் விற்கிறது. அலமாரித் தலைமாட்டில் இரண்டு போட்டுச் சுவரோடு முடுக்கச் சொல். வெறும் ஆணி வேண்டாம். பூச்சுக்குள் மட்டும் இறங்கிய ஆணி முதல் ஆட்டத்திலேயே பூச்சோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே போய் விரிந்து பிடிக்கிற போல்ட்டாக இருக்க வேண்டும். கனமான சாமானெல்லாம் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அந்த நூல் பெட்டிகளை நாளைக்கே இறக்கிவிடு.

2025 மார்ச் 28 பூகம்பத்தைப் பற்றி நீ எத்தனையோ முறை கேட்டாய். ஆவா பாலம் ஆற்றில் விழுந்ததைச் சொன்னேன். வெள்ளிக்கிழமைத் தொழுகையில் நின்றவர்கள் மேல் மசூதி இடிந்து விழுந்ததைச் சொன்னேன். அந்த வெயிலில், கரண்ட் இல்லாமல், அரண்மனை அகழி ஓரம் பாய் போட்டுக் கிடந்ததைச் சொன்னேன். அதெல்லாம் டிவியிலும் வந்ததுதான். ரம்ஜானுக்கென்று நான் தைத்து மடித்து வைத்த மூன்று சின்னப் பையன் சட்டைகள் இன்னும் நம்ம அலமாரிக் கீழ்த்தட்டில் இருக்கின்றன. வாங்க யாரும் வரவில்லை. அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பூமி ஆடும்போது ஓடக்கூடாது என்பதை அந்தப் பெண்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடு. நமக்கு எதிரே வளையல் கடையின் முன்சுவர் நேராக வாசலில்தான் விழுந்தது, வெளியே ஓடி வந்தவர்கள் மேல். தைக்கிற இடத்தில் கட்டிங் மேசை இருக்குமே, நல்ல கனமான மேசை, அதற்கு அடியில் நுழைய வேண்டும். நுழைந்தால் மட்டும் போதாது, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை நகரும். பிடிக்காவிட்டால் மேசை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் ஆகிவிடும். மேசைக்கு அடியில் துணி மூட்டை, வெட்டுத் துண்டு என்று அடைத்து வைப்பார்கள். அதை முதலில் காலி பண்ணச் சொல். ஆட்டம் நின்ற பிறகு வெளியேறலாம். லிஃப்ட் பக்கமே போகக்கூடாது.

வெளியே வந்தபின் செருப்புக்கும் பர்சுக்கும் திரும்ப உள்ளே போகக்கூடாது. இதை நூறு தடவை சொல். 7.7 அளவு என்றார்களே, அந்த முதல் ஆட்டம் ஓய்ந்து நாங்கள் மூச்சு வாங்கி முடிக்கவில்லை, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அடுத்தது வந்தது. முதல் ஆட்டத்தில் விரிசல் விட்டு நின்றதெல்லாம் இரண்டாவது ஆட்டத்தில் இறங்கிவிடும்.

அதெல்லாம் மாண்டலே பக்கம்தான் வரும், ரங்கூனுக்கு வராது என்று உங்கள் ஃபாக்டரியில் ஒரு பெரியவர் சொன்னாராமே. அவருக்கு ரங்கூனுக்குப் பக்கத்துப் பெகுவில் இருந்த அப்பத்தா கதையைச் சொல். 1930 மே மாதம், அப்பத்தாவுக்கு ஒன்பது வயது. இருட்டிய பிறகு வந்தது. ஷ்வேமாடோ பகோடாவே இடிந்தது. பெகுவில் ஐந்நூறு பேர் அளவுக்குச் செத்தார்கள், ரங்கூனிலும் ஆள் செத்தார்கள். அப்பத்தா சாகிற வரைக்கும் தலைமாட்டில் பித்தளைச் செம்பு வைத்துப் படுத்ததில்லை, மேலே விழும் என்று. நாம்தான் சிரித்தோம். பூமிக்கடியில் அதே சகாயிங் பிளவுதான், பாப்பா. வடக்கே இருந்து தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சகாயிங், நேப்பிடா, பெகு எல்லாம் அதன் ஓரம்தான். இந்த முறை நானூறு கிலோமீட்டருக்கு மேல் கிழிந்திருக்கிறது. தாசி பக்கத்தில் ஒரு சோலார் நிலையத்துக் கேமராவில் தரை பக்கவாட்டில் நழுவிப் போவது பதிவாகியிருந்தது, நீயும் பார்த்திருப்பாய். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மண் அப்படியே ரயில் மாதிரி நகர்கிறது. ரங்கூனை மட்டும் அது சும்மா விட்டுவிடுமா?

உங்கள் கட்டடத்தில் கீழே லாரி வந்து நிற்கச் சுவர் இல்லாமல் தூண் மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே கடைக்காகவும் வண்டிக்காகவும் கீழே திறந்து விட்ட கட்டடங்கள் பல, கீழ்த்தளம் நசுங்கி மேல்மாடி தரையில் உட்கார்ந்துவிட்டது. தூணில் விரிசல் இருக்கிறதா என்று பார். இருந்தால் மேலே பெயிண்ட் அடிக்க விடாதே. இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டச் சொல்.

அப்புறம் ஜெனரேட்டர். டீசல் கேன்களைப் படிக்கட்டு ஓரம் வைப்பது எல்லா இடத்திலும் பழக்கம். எடுத்துவிடச் சொல். அயர்ன் பண்ணும் இடத்தில் மெயின் சுவிட்சை யார் அணைப்பது, பாய்லரை யார் நிறுத்துவது என்று ஆள் பேர் எழுதி ஒட்டு. அந்த ஆள் லீவு என்றால் அடுத்தது யார் என்றும் எழுது. தண்ணீர், டார்ச், காயத்துக்குக் கட்டுத்துணி இதெல்லாம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே பூட்டி வைத்தால் யாருக்கும் உதவாது. பொட்டலத்தில் ஒரு விசில் வைத்திருக்கிறேன். கழுத்தில் போட்டுக்கொள். உள்ளே மாட்டினால் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகும், விசில் ஊத மூச்சு இருந்தால் போதும்.

வெளியே வந்ததும் ஆளை எண்ணு. ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வரச் சொல். எல்லாரும் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதை இப்போதே முடிவு பண்ணி, லைன் வாரியாக எண்ணு. எண்ணாமல் உட்காராதே. அலமாரியை மறந்தாலும் பரவாயில்லை, எண்ணுவதை மறக்காதே.

நான் எண்ணவில்லை.

இதைத்தான் எழுத வந்தேன். நான்கு பக்கம் எழுதிய பிறகுதான் கை அங்கே போகிறது.

போன தடவை நீ சொன்னாய், பின்படிக்கட்டுக் கதவை வேலை முடிகிற வரைக்கும் பூட்டித்தான் வைக்கிறார்கள், துணி காணாமல் போகிறதாம் என்று. சாவியை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் அம்மா என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நம்ம கடைப் பின்கதவுப் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். மாமாக்களிடம், ஆஸ்பத்திரியில், எல்லாரிடமும் அதையே சொன்னேன். அது புதுப் பூட்டு, பாப்பா. ரம்ஜான் ஆர்டர் சமயத்தில் இரண்டு கெஜம் சில்க் குறைகிறது என்று நானே கடைத்தெருவில் வாங்கி வந்து போட்டது. சாவி என் சுருக்குப் பையில், இடுப்பில் இருந்தது.

ஆட்டம் ஆரம்பித்ததும் நான்தான் முதலில் ஓடினேன். ஓடாதே என்று உனக்கு எழுதுகிற நான்தான். முன்னால் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எனக்குப் பின்னால் வந்தார்கள். ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் ஒரே இரைச்சல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. சின்னவள் எங்கே என்று யாரோ கேட்ட பிறகுதான் எனக்கு நினைவே வந்தது. நம்ம கடையில் வேலை செய்கிற அந்தப் பெண் உள்ளே வெட்டும் அறையில் இருந்தாள். நடுக்கதவுக்குக் குறுக்கே பெரிய அலமாரி விழுந்து கிடந்தது. சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். உள்ளிருந்து கதவைத் தட்டுகிறாள், என்னைக் கூப்பிடுகிறாள். பையை எடுத்தேன். ஓடும்போது எங்கேயோ மாட்டிச் சுருக்குக் கயிறு இறுகி முடிச்சாகிவிட்டது. நகத்தால் பிரிக்கிறேன், பல்லால் இழுக்கிறேன், வரவில்லை. தினமும் எத்தனை நூல் முடிச்சு அவிழ்க்கிற கை இது. அந்த நேரம் பார்த்து இரண்டாவது ஆட்டம் வந்தது. துணி ரோல் ஸ்டாண்டு உள்ளே சாய்கிற சத்தம் கேட்டது. தட்டுவது நின்றுவிட்டது.

பக்கத்து மெக்கானிக் பையன்கள் கடப்பாரை கொண்டு வந்து பூட்டை நெம்பினார்கள். பூட்டு துருவா என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். பை என் கையிலேயே இருந்தது.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்தது. இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறாள். வைத்தியச் செலவு முழுக்க நான் பார்த்தேன், வேலையும் அவளுக்கு என்னிடமே. எவ்வளவு நல்ல மனசு உங்கள் அம்மாவுக்கு என்று உன்னிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். சாவி எங்கே இருந்தது என்று அவள் இதுவரை என்னைக் கேட்கவில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலமானால் நான் இடுப்பிலிருந்து எடுத்துத் திறப்பதைத் தினமும் பார்த்தவள். உனக்கு எழுதிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ முன்பே சொன்னாய், ஸ்டாண்டைச் சுவரோடு பிடி அம்மா என்று. படித்த திமிர் என்று நான் உன்னைத் திட்டினேன். அதுவும் நினைவிருக்கிறது.

நாளைக்கு அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ கொடுத்தால் இன்னொருத்தி இடுப்பில் போய்த் தொங்கும். அதனால் பூட்டையே எடுக்கச் சொல்லிக் கேள். உள்ளே இருந்து கையால் தள்ளினால் திறக்கிற, வெளியே இருந்து திறக்க முடியாத கதவு உண்டு. அதைப் போடச் சொல். துணி போகிறதென்றால் கதவுக்கு வெளியே ஒரு வாட்ச்மேனை நிறுத்தட்டும். வேலை போய்விடுமோ என்று பயப்படுவாய். போனால் போகட்டும், இங்கே இரண்டு மெஷின் சும்மா இருக்கிறது. நம்ம கடைப் பின்கதவில் இப்போது உள்தாழ்ப்பாள் மட்டும்தான், சின்னவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

ஊறுகாய் பாட்டில் மூடி சரியில்லை, நிமிர்த்தியே வை. அலமாரி மேல் வைக்காதே.

மாமா சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிடுவார். படித்ததும் கூப்பிடு. எவ்வளவு கோபமாக இருந்தாலும் கூப்பிடு. நான் லைனை வைக்க மாட்டேன்.

அம்மா