முதல் 14 நாளை வேலைக்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026-ஆம் ஆண்டைப் பன்னாட்டுத் தன்னார்வலர் ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருப்பதால், வெளிநாடு போய்த் தொண்டு செய்ய விரும்புவோர் பலர் இப்போது பெட்டி கட்டத் தொடங்கியிருப்பார்கள். மனதார வரவேற்கிறோம். ஆனால் அவர்களுக்குத் தரப்படும் அறிவுரை பெரும்பாலும் விமானம் ஏறுவதோடு நின்றுவிடுகிறது. இறங்கிய பிறகு வரும் முதல் இரண்டு வாரத்தைப் பற்றி யாராவது சொல்லியாக வேண்டும். தன்னார்வலர்களை அனுப்புவதிலும் களத்தில் வரவேற்பதிலும் ஈடுபட்டிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் காகிதம். குடிவரவு மேசையை விட்டு நகரும் முன் பாஸ்போர்ட்டைத் திறந்து, குத்திய முத்திரையைப் படியுங்கள். விசா எதுவரை செல்லும் என்பது வேறு, உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. ஓராண்டு விசா வைத்திருப்பவருக்கும் அதிகாரி 30 நாள் என்று எழுதியிருக்கலாம். அந்த இடத்திலேயே கேட்டால் திருத்துவது எளிது. ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால் அபராதம் வரை போகும். சில நாடுகளில் வந்து சில நாட்களுக்குள் காவல் நிலையத்திலோ குடிவரவு அலுவலகத்திலோ பதிவு செய்தாக வேண்டும். அந்தக் கெடு இறங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். சுற்றுலா விசாவில் போய், "சம்பளம் வாங்கவில்லையே" என்று வாதாடிப் பயனில்லை. பல நாட்டுச் சட்டங்களில் கூலியில்லாத வேலையும் வேலைதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடாக இருந்தால், ஊசி போட்டுப் 10 நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்தில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மருந்துகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது, மருந்தின் பொதுப்பெயரும் வேண்டும். டிராமடால் போன்ற வலி மாத்திரைகளும் சில தூக்க மாத்திரைகளும் சில நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. புறப்படும் முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. செல்போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் எங்கும் செருகலாம். முடி உலர்த்தி, தண்ணீர் காய்ச்சும் கெட்டில் பெரும்பாலும் அப்படி இருக்காது. வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

இனி உடம்பு. முதல் வாரத்தில் ஆளைக் கட்டிலில் போடுவது பெரும்பாலும் வயிறு. சந்தேகமான தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊரென்றால் மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால்தான் இந்தக் கூடுதல் நேரம். அடுப்பு இல்லாத இடத்தில், கீறல் விழாத தெளிவான பிளாஸ்டிக் பாட்டிலில் கலங்கல் இல்லாத நீரை நிரப்பி, முழு வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைக்கலாம். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள் வேண்டும். காய்ச்சிய தண்ணீரைக் குடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிப்பதும், அதே குழாய்த் தண்ணீரில் உறைந்த ஐஸைப் போட்டுக்கொள்வதும் எல்லாரும் செய்யும் தவறு.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புசர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குவித்து அள்ளாதீர்கள், கத்தியின் முதுகால் கரண்டியின் விளிம்போடு வழித்துச் சமமாக்குங்கள். உப்பு கூடினால் கரைசலே கெடுதல் செய்யும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் புதிதாகக் கலக்குங்கள். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் கை வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

கொசுவலையைப் பற்றி நாங்கள் விடாமல் சொல்வோம். மருந்து ஊட்டிய புது வலையைப் பிரித்ததும் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் மருந்து கெடும். கட்டிய பின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். உள்ளே படுத்து, டார்ச் அடித்து ஓட்டை தேடுங்கள். முழங்கை வலையில் ஒட்டிக் கிடந்தால் கொசு வெளியே இருந்தபடியே கடிக்கும். மலேரியா கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும், டெங்கு கொசு பகலில் கடிக்கும். ஆகவே வலை பாதிப் பாதுகாப்புதான். பகலுக்கு முழுக்கை உடையும் பூசும் மருந்தும் வேண்டும். மலேரியா தடுப்புக்கு டாக்சிசைக்ளின் எழுதித் தந்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் அதைத் தொடர வேண்டும். அங்கு போய் ஒரு வாரம் ஆன பின் காய்ச்சல் வந்தால், மாத்திரை தவறாமல் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

நாய், குரங்கு, வௌவால் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முன்கூட்டியே தடுப்பூசி போட்டவர்களுக்கும் கடிக்குப் பிறகு ஊசி உண்டு.

எங்களுக்கு மிகவும் கவலை தருவது வாய்வார்த்தை. முதல் வாரத்தில் எல்லாமே அழகாகத் தெரியும், எல்லாருக்கும் ஏதாவது செய்யத் தோன்றும். கணினி வாங்கித் தருகிறேன், மகனின் படிப்புக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லிவிடுவார்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தாலும் கேட்பவருக்கு அது சம்மதமாகவே படும். சொன்னவர் மறந்திருப்பார், அந்தக் குடும்பம் மறந்திருக்காது. அதன் கசப்பு அடுத்து வரும் தன்னார்வலர் மேல் விழும். கொடுப்பது எதுவானாலும் அழைத்த அமைப்பின் வழியே, கணக்கில் ஏற்றிக் கொடுங்கள். குழந்தைகளைப் படம் எடுத்து இணையத்தில் போடாதீர்கள். எந்தக் குழந்தையோடும் பூட்டிய அறையில் தனியாக இருக்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் வேலையில் இறங்காமல், அது எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து பாருங்கள். கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது, பதிவேட்டில் யார் கையெழுத்துப் போடுகிறார், கூட்டத்தில் வாய் திறக்காதவர் வெளியே வந்து என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். முக்கியமாக, நீங்கள் செய்யப்போகும் வேலையை இதுவரை அந்த ஊரில் யாராவது கூலிக்குச் செய்துவந்தார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால், அந்த வேலையை அவரிடமே விட்டுவிட்டு, அவருக்குத் துணையாக என்ன செய்யலாம் என்று பொறுப்பாளரிடம் பேசுங்கள்.

மூன்றாவது வாரம் போல் மனம் சோரும், தூக்கம் கெடும், எல்லார் மீதும் எரிச்சல் வரும். மானிடவியலாளர் காலர்வோ ஓபெர்க் 1954-லேயே இந்தக் கட்டத்தை விவரித்திருக்கிறார். அந்தச் சமயத்தில் "திரும்பிவிடுகிறேன்" என்று முடிவெடுக்காமல், பத்து நாள் தள்ளிப்போட்டுப் பாருங்கள்.

ஆள் அனுப்பும் அமைப்புகளிடம் ஒரு வேண்டுகோள். எந்த வகை விசா, விமான நிலையத்தில் அழைத்துப்போக வருவது யார், குடிநீர் எங்கிருந்து வருகிறது, அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், அவசரத்தில் விமானம் மூலம் கொண்டுசெல்லும் செலவைக் காப்பீடு ஏற்குமா, வேலையில் பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வது — இந்த ஆறுக்கும் எழுத்தில் பதில் தந்த பிறகே பயணச்சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். தன்னார்வலர் அழைப்புகளைத் தங்கள் நாளிதழ் வெளியிடும்போது, இந்தக் கேள்விகளையும் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பன்னாட்டுத் தன்னார்வலர் பயிற்சியாளர்கள் சிலர்